போர்தோ: இடது கரையா, வலது கரையா?

போர்தோ ஒயின் என்று ஒரே பெயரில் விற்றாலும், ஆற்றின் இரு கரையிலும் இறங்குவது வேறு வேறு சரக்கு. பிரான்சின் தென்மேற்கில் கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஜிரோந்த் கழிமுகமாகி அட்லாண்டிக்கில் கலக்கின்றன. கடல் பக்கம் பார்த்து நின்றால் இடப்புறம் மெதோக், கிரா என்ற ஒயின் பகுதிகள், வலப்புறம் செயின்ட் எமிலியோனும் பொமரோலும். இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் ஒரு பெரிய நிலப்பரப்பு உண்டு. அங்கே பெயர் பெற்றது வெள்ளை ஒயின் என்பதால், சிவப்பைப் பேசும் இங்கே அதை விட்டுவிடலாம்.

இடது கரையின் சொத்து சரளைக்கல். மெதோக்கின் பல பகுதிகள் சதுப்பாகக் கிடந்தவை. 17ஆம் நூற்றாண்டில் டச்சு பொறியாளர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகுதான் சரளை மேடுகளில் திராட்சை பரவியது. சரளையில் தண்ணீர் நிற்காது. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவிலும் கொடிக்குச் சூடு கொடுக்கும். தாமதமாகப் பழுக்கும் காபர்னே சொவின்யோன் என்ற திராட்சைக்கு அந்தச் சூடு தேவை. தோல் தடித்த சின்னப் பழம் அது. ஒயினில் துவர்ப்பு ஏறும். மெதோக்கின் பொயாக் ஊர் ஒயின் நல்லதொன்றை இளசாகத் திறந்தால் பால் விடாத கடுந்தேநீர்போல நாக்கை இழுக்கும். பத்துப் பதினைந்து வருடம் பொறுத்தால்தான் துவர்ப்பு அடங்கும், தேவதாரு வாசனை எழும்பும்.

வலது கரையில் களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும். ஈரம் தங்கும் குளிர்ந்த மண்ணில் காபர்னே சொவின்யோன் பழுக்கத் திணறும். சீக்கிரம் பழுக்கும் மெர்லோ அங்கே ராஜா, துணைக்குக் காபர்னே ஃபிராங். (மரபணுச் சோதனைப்படி மெர்லோவுக்கும் காபர்னே சொவின்யோனுக்கும் காபர்னே ஃபிராங்தான் பெற்றோரில் ஒன்று; இது பங்காளிச் சண்டை என்றே சொல்லலாம்.) மெர்லோ ஒயின் சதைப்பற்றாக இருக்கும், துவர்ப்பு மென்மையாக இருக்கும், சீக்கிரமே குடிக்கத் தயாராகிவிடும். அதற்காக வலது கரை ஒயினுக்கு ஆயுள் குறைவு என்று நினைக்க வேண்டாம்: மெர்லோவும் காபர்னே ஃபிராங்கும் கலந்த, செயின்ட் எமிலியோனின் ஷெவால் பிளாங் தோட்டத்து 1947 ஒயின் இன்றும் பேசப்படுகிறது. பொமரோலின் பெத்ரூஸ் தோட்டம் ஏறக்குறைய முழுக்க மெர்லோ. நீலக் களிமண்ணில் சுமார் 11.5 ஹெக்டேர், அவ்வளவுதான்.

அப்படியானால் இடது கரைக்கு மட்டும் ஏன் அவ்வளவு பெயர்? என் கணிப்பில், மண்ணுக்குச் சமமாகத் தரகருக்கும் அதில் பங்கு உண்டு. 1855 பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ நகரத் தரகர்கள் சந்தை விலையை வைத்து ஒயின் தோட்டங்களுக்கு ஐந்து படிநிலைப் பட்டியல் ஒன்று தயாரித்தார்கள். சிவப்பு ஒயினில் கிராவின் ஓ-பிரியோன் தோட்டத்தைத் தவிர மற்ற எல்லாமே மெதோக். வலது கரை ஒயின் பெரும்பாலும் அந்தக் கரையின் லிபூர்ன் ஊர் வணிகர்கள் வழியாகப் போனது, அதனால் பட்டியலில் இடமே இல்லை. அந்தப் பட்டியலில் பேசப்படும் பெரிய மாற்றம் 1973இல் பொயாக்கின் மூத்தோன் ரோத்ஷில்ட் தோட்டம் முதல் படிக்கு ஏறியதுதான். செயின்ட் எமிலியோன் 1955இல் தனக்கென்று ஒரு பட்டியல் போட்டு அவ்வப்போது திருத்துகிறது. திருத்தும்போதெல்லாம் தகராறுதான், 2006 பட்டியல் நீதிமன்றம் வரை போனது, 2022 பட்டியலிலிருந்து ஒசோன், ஷெவால் பிளாங், ஆன்ஜெலூஸ் என்ற மூன்று பெரிய தோட்டங்களும் விலகிக்கொண்டன. பொமரோல் பட்டியலே வைத்துக்கொள்ளவில்லை. பெத்ரூஸ் விலையை அது பாதித்ததாகத் தெரியவில்லை!

வானிலையில் கணக்கு சிக்கலாகிறது. மெர்லோ சீக்கிரம் துளிர்ப்பதால் வசந்தகாலப் பனியில் முதலில் அடிபடும். வெயில் கூடும் வருடங்களில் சர்க்கரையும் அதோடு ஆல்கஹாலும் ஏறி, 14.5 சதவீதம் சர்வசாதாரணமாகிவிட்டது. காபர்னேவுக்கு அதே வெயில் லாபம். ஆனால் வறட்சியில் சரளை கைவிடும், களிமண் ஈரம் காக்கும்.

இப்போது திறந்து சாப்பாட்டோடு குடிக்க ஒரு பாட்டில் வேண்டுமென்றால் நான் வலது கரையைத்தான் சொல்வேன். அதிலும் பெரிய பெயர்களுக்குக் காசைக் கொட்டாமல் அதே கரையின் ஃபிரோன்சாக் அல்லது காஸ்தியோன் பக்கம் பாருங்கள். காஸ்தியோன் மேட்டில் செயின்ட் எமிலியோனின் அதே சுண்ணாம்புப் பாறை தொடர்கிறது. 1453இல் ஆங்கிலேயர் தோற்று இந்தப் பகுதியை இழந்த போர் நடந்த ஊரும் அதுதான். குளிர்ந்த நிலவறையும் பொறுமையும் இருந்தால் மட்டும் இடது கரை. அங்கேயும் பொயாக், மர்கோ என்று புகழ்பெற்ற ஊர்களுக்கு ஓடாமல் மெதோக்கின் மூலிஸ், லிஸ்திராக் ஊர் ஒயின்களில் ஆரம்பிக்கலாம்.