சப்டொமைன் திருப்பி விடுறேன்னு 1,850 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கிட்டு கைய விரிச்சிட்டாங்க, ஆன்லைன்ல பலகாரம் விக்கிறவங்க கொஞ்சம் படிங்க

கை இன்னும் நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சிருங்க. 1,850 வெள்ளி. அடுப்புச் சூட்டுல நின்னு முறுக்கு புழிஞ்சு சேத்த 1,850 வெள்ளி. என்னென்ன கவனிக்கணும்னு கடைசியில வரிசையா எழுதுறேன், முதல்ல நடந்தத சொல்லிடுறேன், இல்லன்னா இன்னைக்கும் தூக்கம் வராது.

நான் மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கம். எங்கம்மா பால்மரம் சீவுனவங்க, நான் பொறந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு) இருந்த இடம் இப்ப முழுக்க செம்பனை. வீட்டுல முறுக்கு, ஓமப்பொடி, கறித்தூள் செஞ்சு ஆன்லைன்ல விக்கிறேன். மாசாமாசம் வாடகை கட்டுற ரெடிமேட் ஆன்லைன் கடை, அதுக்கு சொந்தமா ஒரு டொமைன், அதாவது வெப்சைட் பேரு, அவ்வளவுதான். இந்தத் தீபாவளிக்கு ஒரு ஆசை. முறுக்கு பாக்கெட்ல இருக்கிற கியூஆர் கோட தட்டுனா நேரா முறுக்கு பக்கத்துக்குப் போகணும், ஹேம்பர், அதாவது பரிசுப் பெட்டியில இருக்கிறத தட்டுனா ஹேம்பர் பக்கத்துக்குப் போகணும். டொமைனுக்கு முன்னால முறுக்குன்னு ஒண்ணு, ஹேம்பர்னு ஒண்ணு, ரெண்டு சப்டொமைன். இதுக்காக 3,000 ஸ்டிக்கர் வேற அடிச்சு வெச்சிட்டேன்.

ஈப்போவுல வெப்சைட் செஞ்சு தர்ற ஒரு கடை, பேரு சொல்லல, அங்கேர்ந்து ஒரு தம்பி வீட்டுக்கே வந்தான். நல்லா பேசுனான். "யக்கா, எல்லாம் டிஎன்எஸ்லயே திருப்பி விட்டுடலாம், ரெண்டு நாள் வேலை, 1,850 வெள்ளி"ன்னான். டிஎன்எஸ்னா வெப்சைட் பேரு எந்த இடத்துல இருக்குன்னு காட்டுற விலாசப் புத்தகமாம், அப்ப எனக்குத் தெரியாது. 900 முன்பணம் பேங்க் இன் பண்ணேன், டொமைன் பாஸ்வேர்டும் எழுதிக் குடுத்தேன். ஆமா, எழுதியே குடுத்தேன், திட்டுறவங்க திட்டிக்கங்க.

மூணாம் நாள் லேப்டாப்ப தூக்கிட்டு வந்து எங்க சமையக்கட்டு மேசையில வெச்சு முறுக்கு அட்ரஸ டைப் பண்ணான், டக்குன்னு என் முறுக்கு பக்கம் வந்து நின்னிச்சு. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். சூடா ஒரு தட்டு முறுக்கும் மைலோவும் குடுத்து, ஹேம்பர் அட்ரஸும் இப்படித்தான் வரும்னு அவன் சொன்னத நம்பி, அங்கயே மீதி 950-யும் போன்ல அனுப்பிட்டேன். அவன் எஸ் இல்லாம வெறும் எச்டிடிபின்னு டைப் பண்ணத நான் பாத்தேன், கண்ணால பாத்தேன், அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு எங்க தெரியும். என் ஸ்டிக்கர்ல இருக்கிறது எச்டிடிபிஎஸ், அந்த எஸ் இருந்தாத்தான் பாதுகாப்பான இணைப்பு.

பாக்கெட் எல்லாம் போயாச்சு. கிள்ளான்லேர்ந்து ஒரு அக்கா போன் பண்றாங்க, "என்னம்மா உன் கோட தட்டுனா பாதுகாப்பு இல்லாத பக்கம்னு வருது, வைரஸா?" ஹேம்பர் கோட தட்டுனவங்களுக்கு 404, பக்கமே இல்லன்னு வருது. தீபாவளிக்கு நாலு வாரம் இருக்கு அப்ப.

போன் போட்டேன். "ப்ராபகேஷன் யக்கா, மாத்துனது எல்லா இடத்துக்கும் பரவணும், 48 மணி நேரம் ஆகும்." சரின்னு இருந்தேன். 48 முடிஞ்சு கேட்டா 72. அப்புறம் "உங்க போன்ல கேச் கிளியர் பண்ணுங்க". பண்ணேன். அப்புறம் சொன்னான் பாருங்க ஒண்ணு, "எஸ்டேட் பக்கம் லைன் அப்படித்தான்கா, ஸ்லோவா இருக்கும்". டேய், கிள்ளான்ல இருக்கிறவங்களுக்கும் ஜொகூர்ல இருக்கிறவங்களுக்கும் எங்க எஸ்டேட் லைனாடா போகுது? அதுக்கப்புறம் எஸ்எஸ்எல்லுக்கு, அதாவது அந்த எச்டிடிபிஎஸ் சர்ட்டிபிகேட்டுக்கு, தனியா 280 வெள்ளி கட்டுனா சரியாயிடும்னு மெசேஜ். நான் கட்டல. அன்னைலேர்ந்து ரெண்டு புளூ டிக் மட்டும் விழுது, பதில் இல்ல. ஆபீசுக்குப் போன் போட்டா ஒரு பொண்ணு, "அவரு லீவு, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்". நாலு தடவ இதே பதில்.

முந்தாநேத்து எங்க அண்ணன் மகன், பாலிடெக்னிக்ல படிக்கிறான், வந்து உக்காந்து பாத்தான். எனக்குப் புரியிற மாதிரி சொன்னான். "அத்தை, டிஎன்எஸ்ங்கிறது பழைய எஸ்டேட் கிராணி, கணக்குப்பிள்ளை மாதிரி. இன்னார் வீடு எங்கன்னு கேட்டா எத்தனாம் நம்பர் லயம்னு சொல்லுவாரு. அந்த வீட்டுக்குள்ள எந்த ரூம்ல போயி உக்காருன்னு சொல்ல மாட்டாரு. வீட்டு வாசல்ல ஒரு ஆள் நின்னு 'இங்க இல்ல, அங்க போங்க'ன்னு சொல்றதுக்குப் பேருதான் ரீடைரக்ட், 301னு சொல்லுவாங்க, அது சர்வர் செய்யிற வேலை."

ஹேம்பருக்கு அந்த ஈப்போ தம்பி வெறும் சிநேம், அதாவது ஒரு பேர இன்னொரு பேருக்குக் காட்டுற டிஎன்எஸ் ரெக்கார்ட், போட்டு என் ஆன்லைன் கடைய காட்டியிருக்கான். சிநேம்ல பேரு மட்டும்தான் போட முடியும், ஹேம்பர் பக்கம்னு உள்பக்கத்த எழுதவே முடியாதாம். அந்தக் கடை செட்டிங்லயும் இந்த சப்டொமைன சேக்கல, அதான் 404. முறுக்குக்கு ஏதோ ஓசி ஃபார்வர்டிங், அதுக்கு எச்டிடிபிஎஸ் சர்ட்டிபிகேட்டே இல்ல. அவன் 280 கேட்டானே, அந்த சர்ட்டிபிகேட்ட லெட்ஸ் என்கிரிப்ட்னு ஒண்ணு சும்மாவே தருது. 48 மணி நேரம்னானே, நேம்சர்வர மாத்துனா அவ்வளவு ஆகலாமாம், ஆனா ரெக்கார்டோட டிடிஎல், அதாவது பழைய பதில எவ்வளவு செகண்ட் ஞாபகம் வெச்சிருக்கலாம்ங்கிற கணக்கு, 3600, அப்படின்னா ஒரு மணி நேரம். மிஞ்சிப் போனா ரெண்டு நாள்ல தெரிய வேண்டியதுக்கு என்னை ஒரு வாரம் அலைய விட்டிருக்கான்.

இன்னும் இருக்கு. நேம்சர்வர, அதாவது டிஎன்எஸ் ரெக்கார்ட் எல்லாம் இருக்கிற இடத்த, மாத்துனப்ப, மெயில் எங்க போகணும்னு சொல்ற பழைய எம்எக்ஸ் ரெக்கார்ட கொண்டு வந்து போடல. அதனால என் டொமைன் ஈமெயில் மொத்தமா நின்னு போயிருக்கு, எனக்குத் தெரியவே தெரியாது. தைப்பிங்ல ஒரு ஆபீஸ்லேர்ந்து 40 ஹேம்பருக்கு மெயில் அனுப்பிட்டு, பதில் வரலன்னு வேற ஆள்கிட்ட எடுத்துட்டாங்க. அந்தக் கணக்க நான் போடவே இல்ல. 1,850 மட்டும்தான் சொல்றேன்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போலாம்னு வீட்டுக்காரர் சொன்னாரு. விசாரிச்சா அது சொந்த உபயோகத்துக்கு வாங்குனதுக்குத்தானாம், வியாபாரத்துக்கு எடுத்த வேலைய எடுக்க மாட்டாங்களாம். மாஜிஸ்திரேட் கோர்ட்ல 5,000 வெள்ளி வரைக்கும் வக்கீல் இல்லாமலே சின்னக் கேஸ் போடலாம்னு சொன்னாங்க. திங்கக்கிழமை போறேன். ரிசிட், வாட்சப் எல்லாம் பிரிண்ட் எடுத்தாச்சு.

வரிசையா எழுதுறேன்னு சொன்னேன்ல, பொறுமை இல்ல, அடுப்புல எண்ணெய் காயுது. பாஸ்வேர்ட குடுக்காதீங்க, பக்கத்துல உக்கார வெச்சு நீங்களே டைப் பண்ணுங்க. எதையும் மாத்துறதுக்கு முன்னால இருக்கிற ரெக்கார்ட் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. அவன் லேப்டாப்ல காட்டுனா நம்பாதீங்க, உங்க போன்ல அந்தக் கோடையே ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு அப்புறம் மீதிக் காச குடுங்க. டிஎன்எஸ்லயே உள்பக்கத்துக்குத் திருப்பி விடுறேன்னு எவனாவது சொன்னா கதவ சாத்துங்க.

என்கிட்ட பாக்கெட் வாங்குனவங்க அந்தக் கோட தட்டாதீங்க, வைரஸ் எல்லாம் இல்ல, ஆனா எங்கயும் போகாது. பழையபடி வாட்சப்லயே ஆர்டர் போடுங்க. மிச்சம் இருக்கிற 2,000 ஸ்டிக்கர் மேலயும் இன்னைக்கு ராத்திரி உக்காந்து மார்க்கர்ல போன் நம்பர் எழுதணும்.