சீழ் பிடித்த செயற்கை முழங்கால்: ஒரே ஆபரேஷனா, இரண்டா?

செங்கோட்டை, களியக்காவிளைப் பக்கமிருந்து மறு அறுவைக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது: மூட்டு நீரில் வளர்ந்தது எந்தக் கிருமி? நீர் எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, டாக்டர் சம்மதத்தோடு, ஆன்டிபயாடிக்கை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் கல்ச்சரில் (லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளராமல் போகலாம்.

கிருமி தெரிந்து, மருந்துக்கும் அடங்கி, தோலும் தசையும் நன்றாக இருந்தால் ஒரே கட்டம் போதும். பழைய மூட்டையும் சிமென்ட்டையும் முழுக்க எடுத்து, கழுவி, அன்றே புதியது.

சீழ் வழியும் துளையோ, அடையாளம் தெரியாத கிருமியோ இருந்தால் இரண்டு கட்டமே எங்கள் தேர்வு. முதலில் பழைய மூட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தற்காலிகமாக ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் ஸ்பேசர், சுமார் 6 வாரம் மருந்து, பெரும்பாலும் 8–12 வாரத்தில் புது மூட்டு. அந்த இடைக்காலம்தான் கொடுமை: காலை முழுதாக ஊன்ற முடியாது, தொடைத் தசை மெலியும். உடல் தாங்காமல் இரண்டாம் கட்டத்துக்கே வராதவர்களும் உண்டு.

எதைத் தேர்ந்தாலும், பழைய மூட்டின் கம்பெனி, அளவு உள்ள ஸ்டிக்கர் ஒட்டிய தாள் கையில் இருக்கட்டும்.