ரத்தம் திரும்பும் முதல் நிமிடம்: நான் போஸ்ட்கண்டிஷனிங்கைத் தேர்ந்த கதை

அடைபட்ட குழாயைத் திறக்காவிட்டால் இதயத் தசை சாகும். திறந்தாலும், ரத்தம் பாய்ந்து வரும் அந்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் சாகும். எலியின் இதயத்தைத் தனியே எடுத்து, கரைசல் ஊட்டித் துடிக்கவைத்துச் செய்யும் என் ஆய்வுக்கு, இந்த இரண்டாவது சேதத்தைக் குறைக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

பலத்தில் முதலிடம் ப்ரீகண்டிஷனிங்குக்குத்தான், அதாவது பெரிய அடைப்புக்கு முன்பே இதயத்தைச் சின்னச் சின்ன அடைப்புகளால் பழக்குவது. 1986-ல் மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் நாய்களின் இதயக் குழாயை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள். அப்புறம் 40 நிமிடம் அடைத்தபோது, இப்படிப் பழக்காத நாய்களில் செத்த தசையில் கால்வாசிதான் இவற்றில் செத்தது. சரி, மாரடைப்பு சொல்லிக்கொண்டா வருகிறது?

இதயத்தைத் தொடாமல், கையில் பட்டை கட்டி ஊதி இறக்கும் ரிமோட் முறை எளிது, செலவும் இல்லை. ஆனால் 5,401 மாரடைப்பு நோயாளிகளிடம் செய்து 2019-ல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. என் எலி இதயத்துக்குக் கையே கிடையாது என்பது வேறு விஷயம்.

சைக்ளோஸ்போரின் என்ற மருந்து 2008-ல் 58 பேரிடம் நம்பிக்கை தந்தது. 2015-ல் 970 பேரிடம் கைவிட்டது. தண்ணீரில் லேசில் கரையாத மருந்து என்பதால் எனக்கு அதில் ஆர்வமும் குறைவு.

மிஞ்சியது போஸ்ட்கண்டிஷனிங், அதாவது அடைப்பு திறந்த பிறகு ரத்தத்தை விட்டு விட்டு ஓடவிடுவது. 2003-ல் நாய்களிடம் காட்டப்பட்டது: ரத்தத்தைத் திறந்துவிட்ட உடனே 30 விநாடி ஓட்டம், 30 விநாடி அடைப்பு, இப்படி மூன்று சுற்று. எலிக்குப் பத்துப் பத்து விநாடி. எனக்கு வேண்டியது கரைசல் போகும் ஒரு குழாயும் ஒரு ஸ்டாப்வாட்சும்தான்.

நான் இதில் விழுந்தது நேரக் கணக்கால்தான். ரத்தம் நின்றிருக்கும்போது செல்லுக்குள் அமிலம் சேர்கிறது. அந்த அமிலமே, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வாசலை மூடியும் வைக்கிறது. ரத்தம் திரும்பியதும் அமிலம் சடாரென்று கழுவிப்போகிறது. கால்சியம் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது, செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் ரேடிக்கல்கள் வெடித்துக் கிளம்புகின்றன, வாசல் திறக்கிறது, செல் முடிந்தது. விட்டு விட்டுத் திறந்தால் அமிலம் மெதுவாக வெளியேறும். அதற்குள் செல் சுதாரித்துக்கொள்கிறது. எல்லாம் முதல் நிமிடத்துக்குள். எலிகளில் ஒரு நிமிடம் தாமதித்துத் தொடங்கியபோது பாதுகாப்பே கிடைக்கவில்லை. தொடக்கத்தில் நானும் குழாயைத் தேடித் தடுமாறிச் சில இதயங்களை வீணாக்கினேன். இப்போது கை குழாயின் மேலேயே இருக்கும்.

மனிதர்களிடம் இதே வெற்றி என்று சொல்ல மாட்டேன். 2005-ல் நோயாளிகளின் இதயக் குழாய்க்குள் பலூனை ஒரு நிமிடம் ஊதி, ஒரு நிமிடம் இறக்கி நான்கு சுற்று செய்த சிறு ஆய்வு நன்றாக வந்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. நோயாளிகளின் அடைப்பைத் திறக்கும் கேத் லேபில் நான் நின்றதில்லை. என் தேர்வு ஆய்வு மேசைக்கு மட்டும்தான்.