மார்க் 2 அம்பாசிடரில் இசுசு இன்ஜின்: பல வருட ஓட்டத்துக்குப் பிறகு

எங்கள் மார்க் 2 அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, பிற்பாடு அம்பாசிடர் 1800 ஐஎஸ்இசட் மாடலில் கம்பெனியே போட்ட 1817 சிசி இசுசு இன்ஜினை ஏற்றியது 2012-இல். வேலை நடந்தது வீட்டு போர்ட்டிகோவில். அன்றிலிருந்து கோவைக்குள் தினசரி ஓட்டம், அவ்வப்போது குன்னூர்.

பழைய இன்ஜினைக் குறை சொல்ல மனசு வராது. ஆனால் ஈயம் கலக்காத பெட்ரோல் வந்த பிறகு இன்ஜின் ஹெட்டில் வால்வு வந்து உட்காரும் வளையமான வால்வு சீட் தேய்ந்துகொண்டே போனது. ஹெட்டைக் கழற்றி மாட்டியே சலித்துவிட்டது.

மெட்டடார் வேனின் டீசல் இன்ஜினைப் போட்டவர்களும் உண்டு. மைலேஜ் கிடைக்கும், ஆனால் பாரம் தாங்காமல் முன்பக்கம் உட்கார்ந்துவிடும், உள்ளே பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வைத்த புது இன்ஜின் என்றால் சென்சார், சாவி, மீட்டர் என்று அந்தக் காரின் பாதி வயரிங்கையே பிய்த்து எடுத்து வரவேண்டும். இசுசுவுக்கு அந்தத் தொல்லை இல்லை. கார்புரேட்டர்தான், ஆனால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருக்கும், கூடவே ஐந்து கியர்.

இன்ஜினை மட்டும் தேடி அலையாதீர்கள். உடைப்புக்கு வந்த ஐஎஸ்இசட் காரை முழுசாக வாங்குவதுதான் லாபம். மவுண்டிங், கியர்பாக்ஸ் தாங்கி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர் எல்லாம் அதிலேயே வந்துவிடும். இன்ஜினைத் தூக்கி இறக்குவது செயின் பிளாக் இருந்தால் ஒரு நாள் வேலை. மற்றதெல்லாம்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.

முக்கியமாகப் பின் ஆக்ஸில். பழைய கிரௌன் பினியனை (ஆக்ஸிலுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி) அப்படியே விட்டால் முதல் கியர் வீண். கிளச்சை விட்டதுமே வண்டி இரண்டாவது கேட்கும், பைபாஸில் இன்ஜின் கத்தும். ஐஎஸ்இசட் ஆக்ஸில் ஏறிய பிறகுதான் ஐந்தாவது கியருக்கு அர்த்தம் வந்தது. அடுத்து பிரேக். 50 குதிரைத்திறனை ஒட்டிய வண்டிக்கு நாலு பக்கமும் டிரம் போதும். 75-ஐ ஒட்டிப் போன பிறகும் அதே டிரம்மோடு குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு இறக்கத்தில் வருவது விளையாட்டு இல்லை. முன்னால் டிஸ்க்கும், மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டரும் போட்டேன். செலவைப் பார்க்காமல் செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

இப்போது எப்படி ஓடுகிறது? மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கினால், முன்பு இன்ஜின் கொதிக்கும் என்று தண்ணீர் கேன் இல்லாமல் கிளம்ப மாட்டோம். இப்போது மூன்றாவது கியரில் பேசிக்கொண்டே ஏறலாம். மைலேஜ் லிட்டருக்குப் பத்து, பதினொன்று. பெரிய முன்னேற்றம் இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து ரப்பர் ஹோஸ்கள் இளகி ஒட்டுகின்றன. கார்புரேட்டர் டயஃப்ரமும் முன்பு போல உழைப்பதில்லை. ஹோஸையெல்லாம் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன். 2014-இல் அம்பாசிடர் தயாரித்த உத்தரபாரா ஆலை நின்றதிலிருந்து பாகங்களுக்கு உக்கடம், புதுப்பேட்டை பழைய சாமான் கடைகள்தான் கதி. கேஸ்கெட் செட் கண்ணில் பட்டால் விலை பேசாமல் வாங்கி வைத்துவிடுவேன்.

இழந்தது ஒன்று உண்டு. ஸ்டியரிங் பக்கத்தில் ஹேண்ட் கியர் இருந்தவரை முன்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காருவோம். இப்போது தரையின் நடுவே மேடாக இருக்கும் டனலை வெட்டிக் கியர் ராடு மேலே வந்துவிட்டதால், இரண்டாவது, நாலாவது கியர் போடும்போது நடுவில் இருப்பவர் முட்டியில் இடிக்கும். அம்மா அந்த இடத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டார். "நல்லா இருந்த வண்டி" என்று இன்னும் சொல்வார்.

காகித வேலையை அலட்சியம் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. நான் அதற்கு முன்பே ஆர்டிஓவில் அனுமதி வாங்கி, ஆர்சியில் புது இன்ஜின் நம்பரை ஏற்றி, இன்சூரன்ஸுக்கும் தெரியப்படுத்திவிட்டேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது முதலில் பார்ப்பதே அந்த நம்பரைத்தான். இப்போது செய்ய நினைப்பவர்கள் எழுத்தில் அனுமதி கைக்கு வரும்வரை உடைப்புக் காருக்கு அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.