தக்கலை கொட்டாரம் சுற்றுலா: வேனுக்கு முழு மார்க், வழிகாட்டிக்குப் பாதி

மதுரையிலிருந்து கொழுந்தியாள் குடும்பம் வந்திருந்தது. நாகர்கோவிலில் ஒரு டிராவல்ஸில் ‘மன்னர் காலச் சுற்றுலா’ என்று வழிகாட்டியோடு வேன் பேசினோம். வேன் சுத்தம், டிரைவர் நிதானம். குறை வழிகாட்டியிடம்தான்.

தக்கலை பத்மநாபபுரம் அரண்மனையை (எங்கள் பேச்சில் கொட்டாரம்) காட்டியவரை அவர் கெட்டிக்காரர். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் கறுப்புத் தரையில் குனிந்து முகம் பார்க்கச் சொன்னார். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த பளபளப்பு அது. ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரையில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் காட்டினார். ஆனால் எல்லாமே திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா கட்டியது என்றார். அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் அவருக்கும் ஏறக்குறைய இருநூறு வருடம் மூத்தது. அந்த மன்னரை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமார் பகை, 1741 குளச்சல் போர், தோற்ற டச்சுப் படைத் தலைவர் டிலனாய் திருவிதாங்கூருக்கே தளபதியானது, 1750இல் மன்னர் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்தது எல்லாம் அருவி மாதிரி கொட்டியது. உதயகிரிக் கோட்டையில் டிலனாய் கல்லறையை மட்டும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். மதியச் சாப்பாட்டு அவசரம் போல.

கொழுந்தியாள் மகன் கேட்டான்: “அந்த ராஜா குடும்பம் இப்போ எங்கே அண்ணே?” “திருவனந்தபுரத்துல இருக்காங்க தம்பி.” அவ்வளவுதான்!

கதையே அதற்குப் பிறகுதானே இருக்கிறது. கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் ஆட்சி 1949இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்ததும் முடிந்தது. 1956 வரை ஆளுநர் மாதிரியான ராஜபிரமுகர் பதவி. அந்த வருடம் நவம்பர் 1 அன்று நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது, கொட்டாரம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. 1971இல், முன்னாள் மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மன்னர் மானியமும் போயிற்று. ஆனாலும் பத்மநாபசுவாமி கோயிலில் அந்தக் குடும்பத்துக்கு உள்ள உரிமையை 2020இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரம் புறப்படும்போது, மன்னரின் உடைவாளை இன்றும் இதே அரண்மனையில்தான் கைமாற்றுகிறார்கள். இதையெல்லாம் சொல்லாமல் என்ன மன்னர் காலச் சுற்றுலா?

இன்னொன்றும் விட்டுப்போனது. மார்பை மறைக்கும் தோள்சீலை போட உரிமை கேட்டு எங்கள் பாட்டிமார் பட்ட பாடு. மேலாடை போடலாம் என்று 1859இல் அறிவிப்பு வந்ததே, எத்தனை கலவரத்துக்குப் பிறகு! ஒடுக்கப்பட்ட சாதியார் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிய தலைவரி பற்றியும் பேச்சில்லை. எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்ற 1936 ஆலயப் பிரவேசப் பிரகடனம் அதே குடும்பத்தின் பெருமை, அதையாவது சொல்லியிருக்கலாம். பேச்சிப்பாறை அணையும் அவர்கள் காலத்தில் வந்ததுதான்; அதன் தண்ணீரில் வயல் விளைந்த வீடு எங்களுடையது. அதனால் வெறும் திட்டும் வேண்டாம், வெறும் புகழும் வேண்டாம். இரண்டையும் கேட்டுத்தான் காசு கொடுத்தோம்.

திரும்பும்போது டிராவல்ஸ்காரரிடம் சொன்னேன். “சார், டூரிஸ்டுக்கு அதெல்லாம் போரடிக்கும்” என்றார். மதுரைப் பிள்ளைகள் வேனில் என்னைக் குடைந்த கேள்விகளை அவர் கேட்கவில்லை.

வேனை மட்டும் பேசிக்கொள்ளுங்கள், வழிகாட்டி வேண்டாம். திங்கள் விடுமுறை. உள்ளே செருப்பு கிடையாது, மதியம் முற்றத்துக் கல் காலைச் சுட்டுவிடும். ஒன்பது மணிக்குத் திறந்ததுமே போய்விடுங்கள்.