பேஸ்மேக்கர் வைத்த பிறகு எந்த பிரா? வாங்கிப் போட்டுப் பார்த்த விவரம்

டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த தாளில் எல்லாமே இருந்தது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, காயத்தில் தண்ணீர் படக்கூடாது, பட்டன் வைத்த தளர்வான சட்டை போடவும். சட்டையாம்! அந்தத் தாளை எழுதியவர் மனதில் ஆண் நோயாளிதான் இருந்திருக்கிறார். உள்ளே என்ன போடுவது என்று ஒரு வரி கிடையாது. ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்கு என் மகன் வயது. அவரிடம் கேட்கக் கூச்சம். டிரெஸ்ஸிங் மாற்ற வந்த நர்ஸ் பெண்தான் சொன்னாள்: "தாராளமா போடலாம்மா, பட்டை மட்டும் தையல் மேல உராயாம பாத்துக்கங்க."

அந்தப் பட்டையைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள். துணியைக் கையில் எடுத்தால் முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பது என் பழக்கம். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. காயம் ஆறும் வரை உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. துணியைப் பற்றி மட்டும் என்னை நம்பலாம்.

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பெட்டியைக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைக்கிறார்கள். வலது கைப் பழக்கக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கம். தீப்பெட்டியை விட மெலிசு, எடை 20, 30 கிராம் இருந்தால் அதிகம். ஆனால் பிரா பட்டை தோளிலிருந்து இறங்கும் வழியும் அதே இடம்தான். உடம்பில் சதைப்பிடிப்பு இல்லாதவர்களுக்குப் பெட்டியின் விளிம்பு விரலில் தட்டுப்படும். அதன் மேல் பட்டை நாள் முழுக்க ஏறி இறங்கினால் தோல் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் பிராவே வேண்டாம், நைட்டியோடு இருந்துவிடலாமே என்று என் நாத்தனார் சொன்னார். அவர் ஒல்லி, அவருக்குச் சரி. என் அளவு 38 டி. தாங்கல் இல்லாமல் விட்டால் மார்பின் கனம் தோலைக் கீழே இழுக்கிறது, அந்த இழுவை நேரே தையலில் தெரிகிறது. எழுந்து நடந்தால் ஒரு கையால் மார்பைத் தாங்கிக்கொண்டேதான் நடந்தேன். கனத்த உடம்புக்காரர்களுக்கு பிரா போடுவதுதான் சுகம். கனம் பட்டையில் தொங்காமல் மார்புக்குக் கீழே சுற்றி வரும் அடிப்பட்டியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரர்கள் கப் கப் என்று பேசுவார்கள். நமக்கு முக்கியம் அந்த அடிப்பட்டி.

முதலில் வீட்டிலிருந்த பழைய பிராக்கள். பின்னால் கொக்கி வைத்தவை எல்லாமே ஆரம்ப வாரங்களில் உதவாது. கையைப் பின்னால் முறுக்கும்போது தோள் இழுக்கிறது. கொக்கியை முன்னால் மாட்டிப் பின்னால் திருப்பிக்கொள்ளும் வித்தை நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். அதையும் செய்து பார்த்தேன். பட்டையைத் தோளில் ஏற்றும் இடத்தில் வந்து மாட்டிக்கொண்டது. பத்து நாள் கழித்து வேண்டுமானால் அதற்கு ஒரு வழி உண்டு: எந்தப் பக்கம் ஆபரேஷனோ அந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கை கடைசி. ஜாக்கெட்டுக்கும் இதே முறைதான்.

என்னை முதல் மாதம் காப்பாற்றியது கடையில் வாங்கியதே இல்லை. எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்கா பார்க்க வந்தவர், "ஏனுங்க்கா, அந்தக் காலத்துப் பாடி மாதிரியே முன்னால ஊக்கு வெச்சுத் தெச்சுட்டா ஆகாதுங்களா?" என்றார். மல் துணி, இரண்டு மடிப்பு. முன்னால் கொக்கி. தோளில் பட்டைக்குப் பதிலாக ஜாக்கெட் போலவே நாலு விரல் அகலத் துணி. இடது பக்கக் கழுத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றி வெட்டி, பெட்டி மேல் தையல் விளிம்பு எதுவும் வராமல் சமமான துணி மட்டும் படும்படி செய்தார். கூலி 150 ரூபாய். பார்க்க என் பாட்டி போட்டது மாதிரி இருந்தது, மேலே ஜாக்கெட் போட்டால் வடிவமும் நிற்காது. ஆனால் வியர்வையை உறிஞ்சியது, தையலை உறுத்தவில்லை, இடது முழங்கையை இடுப்போடு வைத்துக்கொண்டே வலது கையால் மாட்ட முடிந்தது. முதல் நாலு வாரத்துக்கு இதற்குத்தான் என் ஓட்டு.

(கையை ஆட்டாமலே வைத்திருக்கவும் கூடாது, தோள் இறுகிப்போகும் என்று பிசியோ சொன்னார். தோளுக்குக் கீழே சாதாரணமாக அசைக்கலாம்.)

அப்புறம் ரெடிமேட். திருப்பூர் காதர்பேட்டையில் உள்ளாடைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முன் பக்கம் திறக்கும் காட்டன் பிரா என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். மூன்று விதம் வாங்கினேன். அதில் ஒன்றைத்தான் இன்றைக்கும் போடுகிறேன். விலை 320 ரூபாய். 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் எலாஸ்டேன். பட்டை ஒன்றே கால் அங்குலம், உள்ளே மெத்தென்று துணி கொடுத்திருக்கிறார்கள். முன்னால் ஐந்து கொக்கி, அடிப்பட்டி இரண்டு விரல் அகலம். தைத்தது பேட்லாக், அதாவது தட்டையாகப் படியும் தையல், அதனால் உள்பக்கம் தடவினால் மேடு தெரிவதில்லை. மற்ற இரண்டிலும் ஓவர்லாக் தையல் கயிறு மாதிரி நிற்கிறது. அதிலும் ஒன்றில் அந்த மேடு சரியாகப் பெட்டியின் மேல் விளிம்பில் உட்கார்ந்தது. அரை நாளில் சிவந்துவிட்டது, மகளிடம் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. பட்டையை நீளம் குறைக்கும் வளையம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில மாடல்களில் முன்னால், கப்புக்கு மேலே வரும். நமக்கு அது ஆகாது. வளையம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இதை எந்த விற்பனைப் பெண்ணும் சொல்ல மாட்டார், நாமே திருப்பிப் பார்க்க வேண்டியதுதான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து கொக்கியும் சின்னது, கண்ணாடி இல்லாமல் மாட்ட முடியாது. மேல் கொக்கி ஜாக்கெட் கழுத்து இறக்கமாக இருந்தால் எட்டிப் பார்க்கும். வீக்கம் இருந்த நாட்களில் அடிப்பட்டி இறுக்கியது. முன் திறப்புக்குக் கொக்கி நீட்டிப்புத் துண்டு கிடைக்காததால் ஒரு அளவு பெரிதாக 40 எடுத்து, வீக்கம் வடிந்ததும் தையல் அக்காவிடம் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

பால் கொடுக்கும் அம்மாக்கள் போடும் நர்சிங் பிரா நல்லது என்று சிலர் சொல்வார்கள். என்னுடையதில் கப்பைத் திறக்கும் பிளாஸ்டிக் கிளிப் பெட்டிக்கு நேர் கீழே வந்து இடித்தது. பெட்டி கொஞ்சம் மேலே இருப்பவர்களுக்கு ஒத்துவரலாம். முதுகில் பட்டைகள் ஒன்று சேரும் ஸ்போர்ட்ஸ் பிராவில் முன்பக்கப் பட்டை கழுத்தை ஒட்டிப் போகும், பெட்டி தப்பித்துவிடும். ஆனால் தலை வழியாகப் போடும் வகைக்கு இரண்டு கையும் மேலே போக வேண்டும். கையைத் தூக்கக்கூடாது என்ற தடை நீங்கிய பிறகுதான் அதைத் தொட்டேன். காலை நடைக்கு இப்போது அதுதான். தோள் பட்டைக்கு அடியில் வைக்கும் சிலிக்கான் பேட் எங்கள் ஊர் வெயிலுக்கு வேண்டவே வேண்டாம், வியர்த்து அரிக்கும். துவைத்துப் பழசான மல் கைக்குட்டையை மடித்து வைத்தால் போதும்.

இனி, வாங்கவே கூடாத ஒன்று. ஆன்லைனில் கை வலி உள்ளவர்களுக்கென்று முன்னால் 'டப்' என்று தானாக ஒட்டிக்கொள்ளும் பிரா வருகிறது. மருமகள் ஆசையாக எனக்கு ஆர்டர் போட்டுவிட்டாள். கையில் வாங்கிப் பார்த்தால் உள்ளே காந்தம். பேஸ்மேக்கருக்குப் பக்கத்தில் காந்தம் வந்தால் அது இதயத்தின் துடிப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் அடிக்கத் தொடங்கும். டாக்டர்கள் பரிசோதனைக்கு வேண்டுமென்றே காந்தம் வைப்பார்கள், அது வேறு. காந்தத்தை எடுத்தால் பழையபடி ஆகிவிடும் என்றாலும் நாள் முழுக்க நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் சாமானா அது? பிரித்த கவரோடு திருப்பி அனுப்பினோம். 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பதுதான் காந்தத்துக்கும் செல்போனுக்கும் சொல்லும் அளவு. அதனால் போனை ஜாக்கெட்டுக்குள் செருகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இரும்புக் கொக்கி, பிராவுக்குள் இருக்கும் கம்பி இவற்றால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. கம்பி வைத்தது உறுத்தாவிட்டால் போடலாம் என்று செக்கப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சேலை கட்டுகிறவர்களுக்குப் பட்டையோடு தொல்லை முடிவதில்லை. முந்தானை விழுவதும் இடது தோள், பின் குத்துவதும் அங்கேயே. பட்டுச் சேலையின் கனம் முழுக்கப் பெட்டிப் பக்கம் இறங்கும். நான் பின்னைத் தோளின் உச்சிக்குப் பின்னால் தள்ளிக் குத்துகிறேன், கல்யாணம் காட்சி என்றால் மெல்லிய சேலைதான். ஹேண்ட்பேக் வலது தோளுக்கு மாறியாகிவிட்டது.

கடைக்குப் போகும்போது போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டு பெண்களுக்குப் பெட்டி ஒரே இடத்தில் இருக்காது. அளவு அறையில் பட்டையை ஏற்றிக்கொண்டு, கையை முன்னும் பின்னும் அசைத்து, பட்டை பெட்டியின் மேல் வழுக்குகிறதா, ஒதுங்கி நிற்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். போட்டுப் பார்க்க விடாத கடையில் நான் வாங்குவதில்லை. தோல் சிவப்பு இரவு கழற்றி வைத்த பிறகும் மறுநாள் போகவில்லை, தோல் மினுமினுவென்று மெலிகிறது, நீர் கசிகிறது என்றால் பிராவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

அந்த 320 ரூபாய் பிராவில் வெள்ளையும் சந்தன நிறமும்தான் இருக்கிறது. கையால் துவைத்து நிழலில் போட்டால் எலாஸ்டிக் ஆறு ஏழு மாதம் தாங்குகிறது. மெஷினில் போட்டது மூன்றே மாதத்தில் தொளதொளத்துவிட்டது. அடிப்பட்டி தளர்ந்தால் கனம் மறுபடியும் பட்டைக்கு வந்துவிடும், அப்போது புதிது வாங்கிவிடுகிறேன்.