நான்கு கேமராக்கள், ஐந்து கோடைகள்: கொலராடோவில் எல்க் தடம் பார்த்த அனுபவம்

டிரெயில் கேமரா என்பது மரத்தில் கட்டிவைத்தால் எதிரே விலங்கு அசையும்போது தானே படம் எடுக்கும் பெட்டி; 2021 ஜூலையில் வாங்கிய நான்கில் இரண்டு இன்னும் வேலை செய்கின்றன. ஒன்றைக் கரடி கடித்து லென்ஸைப் பெயர்த்துவிட்டது. இன்னொன்றின் ரப்பர் வளையம் தளர்ந்து உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. ஒவ்வொன்றும் நூறு டாலருக்குள் வாங்கியவை. அந்த விலைக்கு மலையில் இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது. ஆனால் அவற்றை எங்கே மாட்ட வேண்டும் என்று எனக்குப் புரியவே இரண்டு சீசன் ஆனது. புதிதாக வேட்டைக்கு வரும் நண்பர்கள் "எந்தக் கேமரா நல்லது?" என்று கேட்கும்போதெல்லாம் அந்த இரண்டு வருடம்தான் நினைவுக்கு வருகிறது.

நான் டென்வரில் இருக்கிறேன். வேட்டைக்குப் போவது வடமேற்கே, ஒயிட் ரிவர் தேசிய வனத்தில் உள்ள ஃபிளாட் டாப்ஸ் பக்கம். காரில் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. எல்க் என்பது நம் மிளாவின் சாயலில் இருக்கும் பெரிய மான். நன்கு வளர்ந்த ஆண் முந்நூறு கிலோ வரும். அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்தையும்விடக் கொலராடோவில்தான் இவை அதிகம், இரண்டரை லட்சத்துக்கும் மேல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையையே மறந்துவிட்ட நம் ஊர்க்காரர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இங்கே எந்தப் பகுதியில், எந்தத் தேதியில், ஆணையா பெண்ணையா வேட்டையாடலாம் என்பது வரை மாநில வனவிலங்குத் துறைதான் தீர்மானிக்கிறது. நான் போகும் இரண்டாவது ரைஃபிள் சீசன் அக்டோபர் கடைசியில் ஒன்பது நாள். ஃபிளாட் டாப்ஸில் வனக்காப்புப் பகுதி மட்டுமே 2,35,000 ஏக்கர். சீசன் தொடங்கிய பிறகு தேட ஆரம்பித்தால் ஒன்பது நாளும் நடையிலேயே போய்விடும்.

அதனால் முதல் கோடையில் ஆர்வத்தோடு கிளம்பினேன். ஆண் எல்க்குகள் புரளும் சேற்றுக் குழிகளைத் தேடிக் கண்டுபிடித்து, நான்கு கேமராக்களையும் அவற்றின் ஓரத்திலேயே கட்டினேன். ஆகஸ்ட் கடைசியில் போய் கார்டை எடுத்துப் பார்த்தபோது கை நடுங்கியது. வளரும் கொம்பை மூடியிருக்கும் வெல்வெட் போன்ற தோல் இன்னும் உரியாத ஆண்கள், ஐந்தாறாகச் சேர்ந்து நின்றன. ஒரே குழியில் அறுநூறு படங்களுக்கு மேல். அக்டோபரில் அந்தக் குழியைச் சுற்றியே ஒன்பது நாளும் உட்கார்ந்திருந்தேன். ஒரு எல்க்கூட வரவில்லை. அடுத்த வருடமும் அதே இடம், அதே முடிவு.

எல்க்கின் ஒரு வருடத்தைத் தெரிந்துகொண்டிருந்தால் இது நடந்திருக்காது. கோடையில் ஆண்கள் மரங்கள் வளர்வது நிற்கும் எல்லையை ஒட்டிய உயரத்தில், புல்லும் காற்றும் உள்ள இடத்தில் சேர்ந்து கிடக்கும். ஆகஸ்டில் கொம்பின் தோல் உரியும். செப்டம்பரில் இணைசேரும் காலம்; கூட்டம் கலைந்து பெண்களைத் தேடி ஓடும், ஆண்களின் கூவல் மலை முழுக்கக் கேட்கும். சேற்றுக் குழிக்கு மதிப்பு இருப்பதும் அப்போதுதான். அக்டோபர் கடைசிக்குள் பெரிய ஆண்கள் உடல் மெலிந்து, தனியாகவோ இரண்டு மூன்றாகவோ, மனிதர்கள் போகச் சலிக்கும் இருண்ட காட்டுக்குள் போய்ப் படுத்துவிடும். அதற்குள் வில் வேட்டைக்காரர்களும் முதல் ரைஃபிள் சீசன்காரர்களும் மலையைக் கலக்கியிருப்பார்கள். ஜூலைப் படத்தை வைத்து அக்டோபரைக் கணக்குப் போட்டதுதான் என் தவறு.

2022-இல் வெறுங்கையோடு சீசன் முடிந்த மறுநாள் நல்ல பனி பெய்திருந்தது. எங்கள் தெருவில் முப்பது வருடமாக வேட்டைக்குப் போகிற பெரியவர் ஒருவர், "இப்போது வீட்டுக்குப் போகாதே, அடுத்த வருடத்தின் பாடம் இன்றுதான் தரையில் எழுதியிருக்கும்" என்றார். துப்பாக்கியை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, புதிய குளம்படி ஒன்றைப் பிடித்து அதன் பின்னாலேயே நடந்தேன். அது என் கேமரா இருந்த புல்வெளியை ஒதுக்கிவிட்டு, வடக்கு பார்த்த செங்குத்துச் சரிவில் இறங்கியது. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டி அரை மைல் போக எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. சரிவின் நடுவே வீட்டு முற்றம் அளவுக்கு ஒரு சமதளத் திட்டு. அதில் பனி உருகிய நாலு குழிகள், படுத்து எழுந்த தடங்கள், ஈரம் காயாத புழுக்கை. சுற்றியுள்ள இளமரங்களில் கொம்பு தேய்த்த காயங்கள் பல வருடத்துக்கு உரியவை. சிலவற்றில் பிசின் இன்னும் வழிந்தது, சிலவற்றில் பட்டை கறுத்துப்போயிருந்தது. நான் உட்கார்ந்திருந்த குழிக்கும் இந்தத் திட்டுக்கும் நேர்த் தூரம் ஒரு மைல்கூட இல்லை.

அடுத்த வசந்தத்தில் போக முடியவில்லை. 2022–23 குளிர்காலம் வடமேற்குக் கொலராடோவில் மிகக் கடுமையாக இருந்தது. மானும் எல்க்கும் ஏராளமாகச் செத்தன. துறை லைசென்ஸ்களைக் குறைத்தது. நான் அந்த வருடம் லைசென்ஸே எடுக்கவில்லை. கேமராக்களை மட்டும் புதிய இடத்துக்கு மாற்றினேன். முந்தைய கோடையில் ஒரு கூட்டத்தில் ஏழெட்டுக் கன்றுகள் பார்த்த எனக்கு, அந்தக் கோடையில் கார்டில் இரண்டே கன்றுகளைப் பார்த்தபோது மனசு கனத்தது. ஆனால் வேட்டைக்குப் போகாத அந்த ஒரு வருடத்தில்தான் நிறையக் கற்றேன். அக்டோபர் இருபதுக்குப் பிறகு அந்தத் திட்டுக்கு இறங்கும் பாதையில் ஆண்கள் நடந்த நேரங்கள் எல்லாம் விடிவதற்குச் சற்று முன்னே இருந்தன.

கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். லித்தியம் பேட்டரி போடுங்கள். சாதா ஆல்கலைன் முதல் உறைபனியிலேயே படுத்துவிட்டது. வடக்கு பார்த்து மாட்டினால் வெயில் பட்டு வீண் படங்கள் வராது. முன்னால் ஆடும் புல்லையும் கிளையையும் வெட்டாமல் விட்டதால் ஒருமுறை மூவாயிரம் படங்களில் காற்றைத் தவிர எதுவும் இல்லை. தலைக்கு மேல் உயரத்தில் கட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்தால் மிருகங்கள் அதிகம் கவனிப்பதில்லை. உடனுக்குடன் போனுக்குப் படம் அனுப்பும் வகையை நான் வாங்கவில்லை. அங்கே சிக்னலும் இல்லை. அப்படி வந்த படத்தை வைத்து அன்றோ மறுநாளோ வேட்டையாடுவது கொலராடோவில் சட்டப்படி குற்றம். டிரோன் விட்டு விலங்கைத் தேடுவதும் அப்படியே. அரிசோனாவில் 2022 முதல் வேட்டைக்காகக் கேமரா வைப்பதையே தடை செய்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தடையில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. வறண்ட நிலத்தில் இருக்கிற ஒரே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இருபது கேமரா இருந்தால், விலங்குக்குப் போக்கிடம் ஏது?

இந்த ஐந்து வருடத்தில் அதிகம் உழைத்த பொருள் 10x42 பைனாகுலர்தான். அதை முக்காலியில் பொருத்திய நாள் முதல் எனக்குக் கண்ணே மாறியது போல இருந்தது. கையில் பிடித்துப் பார்க்கும்போது தப்பிப்போகும் காதசைவு முக்காலியில் தெரிந்துவிடும். நில எல்லை காட்டும் மேப் செயலியும் அவசியம். ஓனெக்ஸ் பயன்படுத்துகிறேன், வீட்டிலேயே மேப்பை இறக்கிக்கொண்டு போவேன். துப்பாக்கிச் சத்தம் கூடினால் எல்க்குகள் கீழே தனியார் பண்ணைகளுக்குள் போய்விடும், அங்கே அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. அப்புறம் ஒரு சிறு நோட்டு. தேதி, பனி, காற்று, எங்கே எத்தனை. காற்றை முக்கியமாக எழுதுவேன். காலையில் குளிர்காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே ஏறும். அது திரும்பும் நேரம் தெரியாமல் அந்தத் திட்டை நெருங்கினால் மோப்பம் பிடித்து ஓடிவிடும்.

2024 அக்டோபரில், சீசனின் மூன்றாம் நாள் விடிகாலை, திட்டுக்கு மேலே இறங்குகாற்று படாத பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். பாதையில் ஒற்றை ஆண் வந்தது. ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது நான்கு கிளை இருக்க வேண்டும் என்பது இங்கே விதி; ஐந்து எண்ணிய பிறகே சுட்டேன். எலும்பு நீக்கிய இறைச்சி 85 கிலோ தேறியது. விழுந்த மரங்களுக்கு நடுவே அதைச் சுமந்து மேலேற இரண்டு நாள், நாலு நடை.

2025-இல் அந்தத் திட்டுக்கு நான் துப்பாக்கியோடு போகவில்லை. அங்கே படுக்கும் இடத்தைத் தொடர்ந்து கலைத்தால் அடுத்து வரும் ஆண்கள் ஒதுங்கிவிடும் என்று பெரியவர் சொன்னதை நம்புகிறேன். நவம்பரில் பனி விழுந்ததும் இரண்டு பள்ளம் தள்ளி வேறொரு குளம்படியைப் பின்தொடர்ந்தேன். அது போய் நின்ற இடத்தை மேப்பில் குறித்திருக்கிறேன். மிச்சமுள்ள இரண்டு கேமராக்களும் ஜூலையில் அங்கேதான் போகின்றன.